கோதண்டபாணி வீட்டுச் சுருதி

"மலையே எடம் மாறி அரக்கோணத்துக்குப் போனாலும் போவும், எங்க வீட்டு பிடிலு சுருதிய வுட்டு ஒரு மயிரிழை நவுராது. முருகனே எறங்கி வந்து சுருதி தப்பிப் பாடினாலும் நான் அவரு பின்னால போவமாட்டேன். அவருதான் என் பின்னால வரணும்!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில், திருப்படித் திருவிழாவின்போது, திருத்தணி மலையின் இருநூற்றுப் பன்னிரண்டாம் படியில் உட்கார்ந்தபடி கோதண்டபாணி இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். படிக்கொரு பாட்டாக முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் பாடிக்கொண்டே ஏறுவது அந்த விழாவின் வழக்கம். எனவே முன்னால் இருந்தவர், பின்னால் இருந்தவர் எல்லோர் காதிலும் இது விழுந்தது. சந்நிதிக்கு இன்னும் நூற்றைம்பத்து மூன்று படிதான் பாக்கி என்பதால், சம்பந்தப்பட்டவர் காதிலும் விழுந்திருக்க வாய்ப்புண்டு.

இத்தனைக்கும் பஜனைக் கோஷ்டித் தலைவர் பக்தவச்சலம் கேட்டது ஒன்றும் பெரிதில்லை. "தொண்ட கட்டிகிச்சி கோதண்டம், கொஞ்சம் எறக்கி வாசியேன்" என்றுதான் கேட்டார். கோதண்டபாணி இறக்கவில்லை. பக்தவச்சலம் வாயை மூடிக்கொண்டார். மிச்சப் படிகளுக்குப் பாட்டு இல்லை, பிடில் மட்டும் தன்னந்தனியாக மலையேறிப் போய்ச் சாமி கும்பிட்டது.

இந்த வீறாப்பு அவர் சொந்தமாகச் சம்பாதித்ததன்று, பாட்டன் வழி வந்தது. பாட்டனார் நாகேந்திரன் கைத்தறிக்காரர். கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்றின் பிடில்காரருக்கு இரண்டு சேலையைக் கொடுத்து, அவரிடமிருந்த பிடிலை வாங்கிக்கொண்டார். தறி ஓய்ந்த நேரத்தில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடியே வாசித்துப் பழகினார். விளைவு, அவர் மகன் ராஜகோபாலுக்கும் காலைத் தொங்கவிட்டால்தான் கை ஓடியது. பேரன் கோதண்டபாணிக்கும் அதே வியாதி. கல்யாணக் கச்சேரிகளில் மற்றவர்கள் ஜமுக்காளத்தில் சப்பணமிட்டு உட்கார, இவருக்கு மட்டும் பெஞ்சு கொண்டுவந்து போடவேண்டும். மாப்பிள்ளையைவிட உயரத்தில் பிடில்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சில சம்பந்திகள் முகம் சுளித்ததுண்டு. மலைப்படியில் அந்தத் தொல்லை இல்லை. முந்நூற்று அறுபத்தைந்து படியும் தங்கள் குடும்பத்தை உத்தேசித்தே கட்டப்பட்டவை என்பது கோதண்டபாணியின் அபிப்பிராயம்.

எழுபத்தொன்றில் தறிக்குழியை மூடிவிட்டுப் பவர்லூம் போட்டார். அதிலிருந்துதான் விஷயம் ஆரம்பிக்கிறது.

தறியின் கடகடப்புக்கு அடியில் மோட்டார் 'ம்ம்ம்' என்று ஒரே சுரத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சுரமும் பிடிலின் சுரமும் சேரவில்லை. ஒரு வாரம் கோதண்டபாணி சோறு இறங்காமல் தவித்தார். எட்டாம் நாள் இரண்டும் இம்மி பிசகாமல் சேர்ந்துவிட்டன.

"பாத்தியா ஜெயம்மா, மோட்டாரே நம்ம பிடிலுக்கு அடங்கி வந்துடிச்சி" என்றார் பெண்டாட்டியிடம்.

அந்த ஏழு நாளும் தினம் கொஞ்சமாக முறுக்குப் பெற்றது பிடில் தந்திதான் என்பது ஜெயம்மாளுக்குத் தெரியும். ஆனால் அவள் அவரோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள். "ஆங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றுமுதல் காலையில் மோட்டார் சுவிட்சைப் போட்ட பிறகே சுருதி கூட்டுவது என்று ஆயிற்று. கரண்டு இறங்கும்போது மோட்டாரின் சுரமும் இறங்கும். கூடவே பிடில் இறங்கும், பாடுகிற வாய் இறங்கும். கரண்டு ஏறினால் எல்லாம் சேர்ந்து ஏறும். வீடே ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியதால், சுருதி இடம் விட்டுப் போய்வந்த விஷயம் யாருக்கும் தெரியவில்லை. மகள் அம்சா இந்த ஓசையில் வளர்ந்தவள். தேன் மாதிரி குரல். கரண்டு இல்லாத நாளில் மட்டும் எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல் விழிப்பாள்.

எண்பத்திரண்டில் அம்சாவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பாலசுப்பிரமணியன், திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் இடத்தில் வேலை. கே.ஜி.கண்டிகைக்குத் தையல் கற்றுக்கொள்ளப் போய்வந்த ஆறு மாதமும் அம்சா அவனைப் பஸ்ஸில் பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு சரி. அவனும் பார்த்ததோடு சரி. ஆனால் ஆறு மாதம் பார்த்திருக்கிறார்கள்.

முடிச்சு ஒன்றுதான். பையனை வளர்த்த தாய்மாமன் கஜபதி தலையாட்ட வேண்டும். அரக்கோணத்தில் பஜனை பாடுகிறவர் அவர். சுருதிப் பெட்டி இல்லாமல் எந்த வாசற்படியும் தாண்டமாட்டார். சுருதி விலகிப் பாடியதற்காக ஏற்கெனவே இரண்டு பெண்களை வேண்டாமென்றவர்.

"நைனா, இந்த எடம் தட்டிப் போச்சின்னா வேற எடமே பாக்காத. நான் தறி ஓட்டிகினு இங்கியே இருந்துடறேன்" என்று அம்சா சொல்லிவிட்டாள். சொன்ன விதத்தில் அது வெறும் பேச்சில்லை என்று கோதண்டபாணிக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததை வெளியே காட்டுவது குடும்ப வழக்கமில்லை.

பெண் பார்க்க வந்த சாயங்காலம், தறி ஓட்டும் முனியனைக் கூப்பிட்டார்.

"பெல்ட்டக் கழட்டிடு. மோட்டாரு மட்டும் சும்மா ஓடட்டும்."

"தறி ஓடாம மோட்டாரு இன்னாத்துக்குங்க?"

"சுருதிக்குடா!"

கஜபதி வந்து உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். காற்று நிரம்பி, அது ஒரு சுரம் கொடுத்தது. பக்கத்து அறை மோட்டாரும் பிடிலும் அதே சுரம்.

"அடடே! நம்ம பொட்டியும் உங்க வூடும் ஒண்ணாகீதே!"

"எங்க வூட்டுது விலகாதுங்க."

"கேள்விப்பட்டேன். மலமேல நீங்க பேசினதக்கூட சொன்னாங்க. நானும் அப்பிடித்தான். விலகினா, கையெடுத்துக் கும்புட்டுட்டு போயிகினே இருப்பேன்."

கோதண்டபாணி ஸ்டூலில் ஏறிக் காலைத் தொங்கவிட்டார். அம்சா கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள். முதல் வரி முடிந்தது. கஜபதியின் தலை லேசாக ஆடியது. மாப்பிள்ளைப் பையன் மூச்சு விட்டான்.

அப்போது மணி ஆறடித்து, ஊரே விளக்குப் போட்டது.

குண்டு பல்பு சிவந்தது. பக்கத்து அறையில் மோட்டார் முனகிக்கொண்டே இறங்கியது. அம்சா பிறந்த வீட்டுக்கு விசுவாசமான பெண், கூடவே இறங்கினாள். சுருதிப் பெட்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

கோதண்டபாணியின் காதில் பதினோரு வருஷத்து உண்மை ஒரே நொடியில் வந்து விழுந்தது. பெட்டி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். நடுவில் பிடில். கஜபதியின் புருவம் மேலே போனது. அம்சாவோ கண் திறக்காமல், சந்தோஷமாக, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தாள்.

வில் ஒரு கணம் நின்றது. பிறகு கோதண்டபாணியின் விரல் தந்திமேல் ஒரு மயிரிழை பின்வாங்கியது. அப்புறம் இன்னொரு மயிரிழை. வீணையைப்போல விரலைத் தடுக்கப் பிடிலில் மெட்டு ஏதும் கிடையாது. வழுக்கிக்கொண்டே போய் மகள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கஜபதி பெண்ணைப் பார்த்தார், பிடிலைப் பார்த்தார், பெட்டியைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். இரண்டு தட்டுத் தட்டினார்.

"காத்து ஒழுவுது போலகீது. பொண்ணும் பிடிலும் ஒண்ணா போறாங்க, இது மட்டும் தனியா நிக்குது. இருவது வருசத்துப் பொட்டி!"

"பழசானா அப்பிடித்தாங்கண்ணா" என்றாள் ஜெயம்மாள், அவசரமாக. கோதண்டபாணி குனிந்து வில்லைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் திரும்பி ஒருமுறை புருஷனைப் பார்த்துக்கொண்டாள்.

கஜபதி பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளினார். "தட்டு மாத்த நாள் பாருங்க. அதுக்கு முன்ன இன்னொண்ணு பாடும்மா, இந்த சனியன் இல்லாம."

கரண்டு எந்த நிமிஷமும் திரும்ப ஏறலாம். கோதண்டபாணி கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினார். முனியன் சுவிட்சை அணைத்தான். வீடு நிசப்தமாயிற்று. எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல் அம்சா அப்பாவைப் பார்த்தாள். அவர் சுரம் கொடுக்கவில்லை. வில்லைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்.

அவள் எங்கேயோ ஓரிடத்தில் ஆரம்பித்தாள். பாட்டன் சுருதியுமில்லை, மோட்டார் சுருதியுமில்லை. கோதண்டபாணி குனிந்து தந்தியைக் கொஞ்சம் தளர்த்தினார். பிறகு மெதுவாக, அவள் பின்னாலேயே போனார்.