மாமா அணைக்காத சுவிட்ச்

என் மாமனாருக்கு ஒரு பழக்கம். வீட்டில் எங்கே நடந்தாலும் வழியில் இருக்கிற சுவிட்சுகளை அணைத்துக்கொண்டே போவார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கமே கிடையாது. கல்யாணமாகி காரைக்குடிக்கு வந்த புதிதில், அரிவாள்மனைக்கு முன்னால் சமையலறை இருட்டில் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்டை வீணாக்குவது அவரைப் பொறுத்தவரை சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டிய விஷயம்.

அவர் கை படாத சுவிட்ச் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். ஹாலில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இரவும் பகலும் எரிகிற சிவப்பு ஜீரோ வாட் பல்பின் சுவிட்ச்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கொல்லையில் இருந்த குளியலறையையும் கழிப்பறையையும் வீட்டுக்குள் கொண்டுவருவதென்று அந்த வருஷம் முடிவானது. அத்தைக்கு முழங்கால் வலி, கொல்லைப் படி இறங்கி ஏற முடியவில்லை. ஹாலை ஒட்டி, தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்தார்கள். தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாம் என்றார் மாமா. ஈரத்தில் வழுக்கும் என்று அத்தை சொன்னதால் சொரசொரப்பான கல் போட்டார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. கதவு மட்டும் ஹாலைப் பார்த்துத் திறந்தது. கதவுக்குப் பக்கத்திலேயே மாமாவின் சாய்வு நாற்காலி.

காலையில் பேப்பர், அப்புறம் அவரோடு வேலை பார்த்த வாத்தியார்கள், சாயங்காலம் மறுபடியும் பேப்பர். அவர்கள் கண் முன்னால் எழுந்துபோய் அந்தக் கதவைத் திறப்பதே எனக்குப் பிராண சங்கடம். உள்ளே போய்விட்டாலோ அதைவிடக் கொடுமை. வெளியே பேப்பரைப் புரட்டுகிற சத்தம் உள்ளே கேட்டது. அப்படியானால் உள்ளே நடப்பதும் வெளியே கேட்கத்தானே செய்யும்? குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். "குழாய மூடும்மா, டேங்கு காலியாகுது" என்று குரல் வந்தது. நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அந்த நாற்காலியை நகர்த்துவதைவிடச் சுவரை இடித்துக் கட்டுவது சுலபம்.

தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். நீர்க்கடுப்பு வந்தது. மதுரையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்தபோது சொன்னேன். "அங்க யாரு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா?" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அன்றைக்கே பஸ் ஏற்றி விட்டிருப்பேன்.

வயரிங் மட்டும் பாக்கியிருந்தது. அதுவரை ஒரு பல்பு கயிற்றில் தொங்குகிறாற்போல் ஒயரில் தொங்கியது. பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருந்ததால் ஜன்னலுக்கு வழியில்லை. உயரத்தில் ஓர் ஓட்டை விட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட ஏற்பாடு. எலக்ட்ரீஷியன் அதைச் சோதித்துப் பார்த்தபோது ரைஸ் மில் மாதிரி இரைந்தது. எனக்கு உயிர் வந்தது.

மெல்லப் போய் அவரிடம், "அண்ணே, லைட்டப் போட்டா ஃபேனும் சேந்து ஓடுற மாதிரி ஒரே சுவிட்ச்ல குடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"குடுக்கலாமே. எதுக்கும்மா?" என்றார் ஊருக்கே கேட்கிற குரலில்.

எதற்கென்று நான் எப்படிச் சொல்வது? நாற்காலியிலிருந்து மாமாவின் பதில் வந்தது. "அதெல்லாம் வேணாம். தனித்தனியாக் குடுங்க. குளிச்சப்புறம் செத்த நேரம் ஓடுனாப் போதும்."

சமையலறைக்குப் போய் அழுதேன். சாக்குச் சொல்ல அன்றைக்கு வெங்காயம்கூட நறுக்கவில்லை. அத்தை என்னைப் பார்த்தார். ஒரு செம்பு தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் மாமா புது போர்டை அணைக்க வந்தார். லைட் அணைந்தது. பக்கத்து சுவிட்சைத் தட்டினார், ஃபேன் நிற்கவில்லை. ஹால் சுவிட்ச் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஃபேன் பாட்டுக்கு இரைந்தது. கடைசியில் அவர் விரல் படத்தின் சுவிட்ச் வரை போய், அப்படியே திரும்பியது.

குன்றக்குடிக்குத் தேர் பார்க்கப் போன எலக்ட்ரீஷியன் திரும்பி வர இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும் நான் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். மூன்றாம் நாள் அவர் டெஸ்டரோடு வந்து நின்றதும் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னப்பா வேல செஞ்சிருக்க? சாமி லைட்டோட சேத்தா ஃபேனக் குடுப்பாக?" என்றார் மாமா.

"வீட்டம்மாதான் அதுல குடுக்கச் சொன்னாக, சார்."

மாமா திரும்பினார். அத்தை முழங்காலைப் பிடித்தபடி ஹாலுக்கு வந்தார். "ஆமா, நான்தான் சொன்னேன். வேற எதுல குடுத்தாலும் நீங்க அமத்திருவீக."

"நாள் பூரா எதுக்கு அது ஓடணும்?"

"வீட்டுல ரெண்டு பொம்பளைக இருக்கோம். நீங்க வாசல அடைச்சு உக்காந்திருக்கீக. அம்புட்டுத்தான்."

மாமா கதவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற என்னை மட்டும் பார்க்கவில்லை. "சரிப்பா, நீ போயிட்டு வா" என்று எலக்ட்ரீஷியனை அனுப்பிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, பட்டப்பகலில் நான் உள்ளே இருக்கும்போது கரண்ட் போயிற்று. ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. வெளியே மாமாவும் ஒரு பழைய வாத்தியாரும் பென்ஷனைப் பற்றிப் பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்டது. நான் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று டிரான்சிஸ்டர் அலறியது. நெல் வயலுக்கு எப்போது உரம் போட வேண்டும் என்று யாரோ தொண்டை கிழியச் சொன்னார்கள். செல் தீர்ந்துவிடும் என்று செய்திக்குக்கூட மாமா அதைப் பாதிக்கு மேல் திருகியதில்லை.

"எதுக்கு சார் இம்புட்டுச் சத்தம்?" என்று வாத்தியார் கத்தினார்.

"காது மந்தமாயிருச்சு சார்" என்று மாமா பதிலுக்குக் கத்தினார்.

தெருக்கோடியில் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே எழுந்து நிற்கிற மனிதர். நான் வெளியே வந்து, அவரைத் தாண்டிச் சமையலறைக்குள் போன பிறகுதான் சத்தத்தைக் குறைத்தார்.