ஸெனோபியாவின் காய்க்காத ராஸ்பெர்ரி

போலந்தின் தொருன் நகரில் ரயில் பாதையோரம் எங்கள் தோட்டங்கள் இருக்கின்றன. தோட்டக்காரர்கள் சங்கத்தின் செயலாளர் நான். என்னிடம் வந்த புகார்களில் பாதி ஸெனோபியா எழுதியவை. முப்பது வருடம் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். யாரையும் நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கியவர்.

பழைய ராஸ்பெர்ரிச் செடிகள் நோயில் போனதும் சந்தையில் புதுக்கன்றுகள் வாங்கி நட்டார். செடிகள் ஆளுயரம் வளர்ந்தன. மூன்று கோடைகளாக ஒரு பழம்கூட இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துத் தோட்டக்காரர் லுத்விக்கின் செடிகளோ பழத்தின் பாரத்தில் வளைந்து கிடந்தன.

"நான் வர்றதுக்கு முன்னாடி பறிச்சிடறான்" என்றார் என்னிடம். தன் தோட்டத்துக் கதவில் கறுப்பு நூல் கட்டி வைத்தார். ஒரு மாதமாகியும் நூல் அறுபடவில்லை. "அப்போ வேலி ஏறித்தான் வர்றான்."

புகார் எழுத்தில் வந்ததால் இருவரையும் வேலியோரம் அழைத்தேன். அக்டோபர் மாதம். ஸெனோபியா கையில் செடி வெட்டும் கத்தரியோடு வந்து நின்றார்.

லுத்விக் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "வருஷா வருஷம் இந்த மாசம் எல்லாத்தையும் தரையோட வெட்டிடறாங்க. முன்னாடி வச்சிருந்த ரகத்துக்கு அது சரி. இந்த ரகம் போன வருஷத்துத் தண்டுலதான் காய்க்கும். காய்ச்சு முடிஞ்சதைத்தான் வெட்டணும்."

"வெட்டாம விட்டா பூச்சி சேரும். அதானே உங்க திட்டம்?"

"பாதி வரிசையை விட்டுப் பாருங்க. காய்க்கலைன்னா என் செடியெல்லாம் பிடுங்கிப் போடறேன். இவர் சாட்சி."

லுத்விக் பிடுங்குவதைப் பார்க்கும் ஆசையிலேயே ஸெனோபியா சம்மதித்தார் என்று நினைக்கிறேன். பாதியை வெட்டினார்; மீதியைக் கம்பியில் கட்டினார். பனிக்காலத்திலும் வந்து தண்டுகளை எண்ணிவிட்டுப் போனார்.

ஜூலையில் வெட்டாத பாதி சிவந்தது.

அன்று ஸெனோபியா என் அறைக்கு வந்து புகாரைத் திரும்பக் கேட்டு வாங்கி, நான்காகக் கிழித்தார். பிறகு ஒரு கிண்ணம் பழத்தோடு வேலியோரம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"முதல் வருஷமே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். கதவை என் மூஞ்சியில சாத்தினீங்க."

ஸெனோபியா கிண்ணத்தை வேலிக்கு மேலாக நீட்டினார். லுத்விக் வாங்கவில்லை.

"முதல்ல நீங்க ஒண்ணு சாப்பிடுங்க. அப்புறம்தான் நான்" என்றார்.

ஸெனோபியா அவரை முறைத்தபடியே இரண்டு பழங்களை வாயில் போட்டு மென்றார்.