ஐந்து மீற்றர் யானைச் சீத்தை

சனிக்கிழமை, காலை 6.10. செட்டிகுளத்திலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில் யன்னலோர இருக்கை கிடைத்தது. ஐப்பசி மழை இரவே தொடங்கிவிட்டது. மடியில் பயத்தம்பணியாரம் நிறைந்த ஒரு டப்பா, மடித்து வைத்த ஒரு வெறும் பை. பை கிளிநொச்சியில் வாங்கப்போகும் துணிக்கு. பணியாரம் அதற்கு அப்பால் முரசுமோட்டையில் இருக்கும் என் தங்கை மலருக்கு. துணிப் பை மலர் வீட்டுப் படலையைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் இந்த இரண்டு நாள் பயணத்துக்கு நான் போட்ட திட்டம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது என் தொழில். மூன்று வருடத்துக்கு முன் மலரின் மகள் துஷாவுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, ஆசை தாங்காமல் மஞ்சளும் பச்சையுமாக ஒரு குழந்தைப் போர்வை தைத்து அனுப்பினேன். பிறக்கப்போகும் பிள்ளைக்கு முன்கூட்டியே புதுத் துணி எடுப்பதில்லை, முதலில் பழந்துணியில்தான் கிடத்துவது என்ற வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டுதான் அனுப்பினேன். பிள்ளை தங்கவில்லை. யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. மலர் தொலைபேசியில் சுகம் கேட்பாள், மழை பெய்ததா என்பாள். வீட்டுக்கு வாருங்கள் என்று மட்டும் அதன்பிறகு சொன்னதில்லை. இப்போது துஷாவுக்கு எட்டாம் மாதம். அழைப்பில்லாமலே போகிறேன்.

7.40. வவுனியாவில் பஸ் மாறினேன். கிளிநொச்சிக்கு எண்பது கிலோமீற்றருக்குக் கிட்ட, முந்நூற்றைம்பது ரூபா. பக்கத்தில் ஒரு இளம் பெண், ஏதோ அலுவலகத்தில் வேலையாம்.

"எங்க அன்ரி போறியள்?"

"தங்கச்சி வீட்டை."

"ஏதும் விசேஷமோ?"

"இல்லைப் பிள்ளை, சும்மா."

ஏன் பொய் சொன்னேன் என்று மாங்குளம் வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன். முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லோரும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் கடலை வாங்கினார்கள். நானும் கைகூப்பினேன். மன்னிப்புக் கேட்பதா, துஷாவுக்கு ஒரு பிள்ளையைக் கேட்பதா என்று தீர்மானிப்பதற்குள் சாரதி ஹோன் அடித்துவிட்டார்.

10.15. கிளிநொச்சி. சந்தைக்குப் பக்கத்துப் பிடவைக்கடையில் இந்தக் கிழமை புதுச் சீத்தைகள் வந்திருந்தன. பருத்தியில் பூவும் உருவும் அச்சடித்த துணியை நாங்கள் சீத்தை என்போம். வவுனியாவில் ஒரு ஆசிரியை தன் பிள்ளையின் முதலாம் பிறந்தநாளுக்குப் போர்வை கேட்டிருந்தார். அதற்கு மூன்று மீற்றர் போதும். வெளிர் நீலத்தில் குட்டி யானைகள், ஒன்றின் வாலை மற்றது பிடித்தபடி. மீற்றர் அறுநூற்றெண்பது.

"எவ்வளவு வெட்ட அன்ரி?" என்றாள் கடைப்பெண்.

"அஞ்சு," என்றது என் வாய்.

அவள் ஐந்து மீற்றரையும் நிதானமாக அளந்தாள். திருத்திச் சொல்ல எனக்கு நேரமிருந்தது. நான் காசை எண்ணினேன், அவள் கத்தரிக்கோலை வைத்து இழுத்தாள்.

11.20. முரசுமோட்டைக்கு ஓட்டோ, ஆயிரத்து இருநூறு. ஓட்டுநர் நரைத்த மீசைக்காரர், பேச்சுக்குக் குறைவில்லாதவர். பரந்தனில் திரும்பியதும் இருபுறமும் விதைத்த வயல். மழைத் தண்ணீர் கூடி விதை அழுகிவிடுமோ என்று அவருக்கு ஒரு கவலை. எனக்கு என் கவலை.

"அண்ணை, இந்தப் பை உங்களோட இருக்கட்டும். நாளைக்குக் காலமை என்னை ஏத்த வரேக்க கொண்டு வாங்கோ."

"ஏன் தங்கச்சி, வீட்டுக்குள்ள வைக்கலாமே?"

"வைக்கேலாது."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பையை வாங்கித் தன் காலடியில் வைத்தார்.

12.00. படலையில் நின்ற என்னைப் பார்த்து மலர் "வாங்கோ அக்கா" என்றாள். வீட்டு வாசலில் வந்து நிற்பவளிடம் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அவள் கண் முதலில் என் முகத்துக்கு வரவில்லை, கைக்குப் போனது. கையில் டப்பா மட்டும். அவள் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. துஷா கால் வீங்கிக் கதிரையில் இருந்தாள், என்னைக் கண்டதும் சிரித்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். நான் சோற்றில் கை வைக்க, வாசலில் ஓட்டோச் சத்தம்.

நரைத்த மீசைக்காரர் தான் நனைந்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தார்.

"தங்கச்சி, ஓட்டோவுக்குள்ள ஒழுகுது. சின்னப்பிள்ளைத் துணியெல்லே, நனையப் போகுதெண்டு கொண்டு வந்தனான்."

மெல்லிய பைக்குள்ளால் யானைகள் நன்றாகவே தெரிந்தன.

"அது ஓடர், மலர். வவுனியாவில ஒரு ரீச்சரின்ர பிள்ளைக்கு," என்றேன். எனக்கே அது பொய்போலக் கேட்டது. ஐந்தில் இரண்டு மீற்றர் பொய்தானே. மலர் அந்த மனிதருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். பிறகு பையை இரண்டு விரலால் தூக்கிப்போய், வெளியே மோட்டார் சைக்கிள் கொட்டிலில் ஆணியில் கொழுவினாள். அந்த நிமிடமே மழையோடு மழையாகத் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது.

துஷா எழுந்து அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம். வந்தபோது கையில் ஒரு போர்வை. மஞ்சள் வெளுத்து, பச்சை எது என்று தெரியாத நிலை. தையலைப் பார்த்துத்தான் அது என்னுடையது என்று கண்டேன்.

"பெரியம்மா, கரை பிரிஞ்சிட்டுது. தைச்சுத் தாறியளோ?"

"நீங்கள் இதை எறிஞ்சிருப்பியள் எண்டெல்லோ நினைச்சன்."

"ஏன் எறியிறது? மூண்டு வருசமா நான்தான் போர்த்துப் படுக்கிறனான். கிழமைக்குக் கிழமை தோய்ச்சு வெயிலில போடுறனான். இப்ப இது பழசுதானே? பழசில பிள்ளையைக் கிடத்தலாம்தானே?"

கடைசிக் கேள்வியை அவள் தாயைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் முயலவில்லை.

மலர் உள்ளே போய், கத்தரிக்கோலும் தன்னுடைய பழைய சட்டையொன்றும் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"கரைக்கு இதில வெட்டுங்கோ அக்கா. இதைவிடப் பழசு இந்த வீட்டில நான்தான்."

பொழுதுபடும் வரை தைத்தேன். ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது. தங்காத பிள்ளைக்குத் தைத்ததல்லவா இது என்று மனம் விடாமல் இடித்தது. குசினிக்குள் போய் மலரிடம் மெல்லக் கேட்டேன்: "உனக்குப் பயமில்லையே?"

"ஓம், பயம்தான். ஆனா அவள் கேக்கிறாளே அக்கா."

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.00. மழை விட்டிருந்தது. ஓட்டோ சொன்ன நேரத்துக்கு வந்தது. நான் ஏறி உட்கார்ந்த பிறகு மலர் கொட்டிலுக்குப் போய்ப் பையை எடுத்துவந்தாள். இந்த முறை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"பிள்ளை பிறந்து துடக்குக் கழிக்கிற முப்பத்தொண்டாம் நாளுக்கு வாங்கோ அக்கா," என்றாள். "அப்ப புதுசு கொண்டு வாங்கோ."

செட்டிகுளத்தில் முற்றம் முழுக்கத் தண்ணீர். இங்கும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆசிரியைக்கான மூன்று மீற்றரை வெட்டித் தைக்கத் தொடங்கிவிட்டேன். மற்ற இரண்டு மீற்றர் அலுமாரியின் அடித்தட்டில், மடிப்புக் குலையாமல் இருக்கிறது. துஷாவுக்குக் கார்த்திகைக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.