பூவு திரும்பக் கூடாது

தாயம்மாவுக்கு ஹெட்மாஸ்டர் பக்தவச்சலத்தைப் பிடிக்காது என்று சொன்னால் அது ரொம்ப மரியாதையான பேச்சு. டோல்கேட் பக்கம் அவர் தலை தெரிந்தாலே காறித் துப்பிவிட்டு அடுத்த சந்தில் நுழைந்துவிடுவாள். துறைமுகத்துக் கிடங்கில் கோணூசி பிடித்துச் சாக்குத் தைக்கிறவளுக்கு இவ்வளவு திமிரா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் வீட்டில் காது கேளாத பிள்ளை இல்லை, அவ்வளவுதான்.

அவள் மகள் பூவு பிறவிச் செவிடு. புருஷன் கப்பலேறிப் போனவன் போனவன்தான். குடிசை கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் லைனை ஒட்டி இருந்தது. எஞ்சின் ஊதினால் மற்ற பிள்ளைகள் எழுந்து ஓடும். பூவு மட்டும் தண்டவாளத்தின் நடுவில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் அங்கே எருமை ஒன்று அடிபட்டுச் சிதறியதைப் பார்த்தபின் தாயம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகளை வெறுங்காலோடு லைன் ஓரம் நிறுத்தி, வண்டி தூரத்தில் வரும்போதே உள்ளங்காலில் தரை அதிர்வதைக் காட்டிக்கொடுத்தாள். அதிர்ந்ததும் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு வெல்லம். வெல்லம் தின்று தின்றே பிள்ளை உயிரோடிருக்கக் கற்றுக்கொண்டது.

சுதந்திரம் வந்த புதிதில் பக்தவச்சலத்தின் பள்ளிக்கூடத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு திறந்தார்கள். அதற்கென்றே படித்துவிட்டு வந்த லூர்து டீச்சர், உதட்டசைவைப் பார்த்துப் பேசக் கற்றுத்தருவாள் என்று ஊரெல்லாம் பேச்சு. பூவு தன்னை ஒரே ஒரு தடவை ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டால் போதும், செத்தாலும் கவலையில்லை என்று தாயம்மா மகளுக்குத் தலைவாரிப் பொட்டு வைத்துக் கூட்டிப்போனாள்.

வகுப்பில் இடம் கொஞ்சம், வாசலில் கூட்டம் எக்கச்சக்கம். யார் நிஜச் செவிடு என்று கண்டுபிடிக்க ஹெட்மாஸ்டர் தானே ஒரு பரீட்சை வைத்திருந்தார். பிள்ளையைப் பலகை மேடையில் நிறுத்தி, பள்ளிக்கூட மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை அதே மேடையில் பின்னால் வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போடுவார். திரும்பாத பிள்ளைக்கு இடம் உண்டு. பூவுவின் காலடியில் பலகை அதிர்ந்தது. வெல்லம் கிடைக்கும் என்ற நினைப்பில் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தது.

காது நன்றாகக் கேட்கிறது, பிள்ளைக்குப் பிடிவாதம், கூட்டிக்கொண்டு போ என்றார் ஹெட்மாஸ்டர்.

“கேக்கல சார். காலு வழியா தெரிஞ்சிகினு திரும்புது. லைன் ஓரம் வூடு, நான்தான் அப்டி பழக்கி வுட்டேன்.”

“காலுல காது வெச்சா பெத்தே?”

வராந்தாவே சிரித்தது. நான் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், இப்போது அடித்துப் பாருங்கள் என்று தாயம்மா கெஞ்சினாள். சர்க்கஸ் காட்ட வேறு இடம் பார் என்று அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். லூர்து டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். ஊமைகளைப் பேசவைக்க வந்த மகராசி! அந்த மௌனத்தைத் தாயம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த வருஷம் முழுக்க அவள் செய்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. மகளை லைன் பக்கமே விடாமல் கிடங்குக்குக் கூட்டிப்போனாள். சாயங்காலம் குடிசையில் அவளை நிறுத்தி, பின்னாலிருந்து உலக்கையால் தரையில் குத்தினாள். திரும்பினால் கன்னத்தில் அறை. பிள்ளைக்கு எதற்கு அடி விழுகிறது என்றே தெரியாது. அழுது அழுது, கடைசியில் தரை அதிர்ந்தால் கால்விரல்களை மடக்கிக்கொண்டு நேரே பார்க்கப் பழகிவிட்டது. அன்றிரவு தாயம்மா சாப்பிடவில்லை.

மறுவருஷம் அந்த வகுப்புக்கு இன்னொரு அறை கட்டினார்கள், புதிதாகப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அதே மேடை, அதே இரும்பு. பூவு திரும்பவில்லை.

ஹெட்மாஸ்டருக்குப் பரம திருப்தி. போன வருஷம் துரத்தினாரே, அந்த முகம்கூட அவருக்கு நினைவில் இல்லை.

“சுத்தச் செவிடு. ஏம்மா, போன வருஷமே கூட்டிவந்து சேர்த்திருக்கலாமே?”

தாயம்மா பூவுவை மேடையிலிருந்து இறக்கினாள். வாயைத் திறந்தால் இடம் போய்விடும் என்ற பயம்.

வீடு திரும்பும்போது புதுச் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பூவு பின்னால் வந்தது. தாயம்மா லைனைத் தாண்டிவிட்டுத் திரும்பினாள். ராயபுரம் பக்கமிருந்து எஞ்சின் வந்துகொண்டிருந்தது. பூவு தண்டவாளத்தின் நடுவில் நின்றுவிட்டிருந்தது. காலடியில் அதிர்வு ஏறியிருக்க வேண்டும். விரல்களை மடக்கிக்கொண்டு, மேடையில் நின்ற மாதிரியே விறைப்பாக நின்று, அம்மாவின் முகத்தையே பார்த்தது.

தாயம்மா பாய்ந்து மயிரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் சரளைக்கல்லில் விழுந்தார்கள். வண்டி போய் முடிகிறவரை பக்தவச்சலத்தையும் அவர் வம்சத்தையும் சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். பிறகு தன்னையும் அதே வார்த்தைகளால் திட்டிக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் முந்தானையில் வெல்லத்தை முடிந்துகொண்டு, மகளைப் பழையபடி லைன் ஓரம் நிறுத்தினாள். தூரத்தில் வண்டி வந்தது, தரை அதிர்ந்தது. தாயம்மா வெல்லத்தை எடுத்து நீட்டினாள்.

கை நீண்டதைப் பார்த்ததும் பூவு இரண்டு கன்னங்களையும் பொத்திக்கொண்டது.