மாமா ஊற்றிய தண்ணீர்

டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். பனி கொட்டுகிற பின்னேரங்களில் ஜன்னலுக்கு வெளியே வீதியும் இருக்காது, வானமும் இருக்காது. எல்லாம் ஒரே வெள்ளை. அந்த நேரம் பார்த்துத்தான் மாமா சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து கப்பல் கதையைத் தொடங்குவார். ஹீற்றர் மெல்ல இரைந்துகொண்டிருக்கும். வீடே எங்கேயோ மிதந்து போவதுபோல எனக்குக் கண் சொருகும்.

மாமா அம்மாவின் தம்பி. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் வந்து, எங்கள் சோபாவில் கரையேறியவர். கப்பலை ஓட்டியவர்கள் பாதிக் கடலில் வேறு படகேறித் தப்பிவிட, மீன்பிடித்துப் பழகிய மாமாதான் சுக்கானைப் பிடித்தாராம். குடிதண்ணீரைப் பங்கிட்டதும் அவர்தானாம். ஆளுக்குப் போத்தல் மூடியால் அளந்து கொடுத்தாராம். எங்கள் வீட்டில் தேநீர் ஊற்றும்போதும் கோப்பைகளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு சொட்டுக்கூட வித்தியாசம் இல்லை என்று பார்த்த பிறகுதான் கொடுப்பார். அப்பா கேலி செய்வார். எனக்கோ பெருமை தாங்காது.

ஆனால் வெளியாள் யாராவது வந்தால் போதும், மனுசன் கூனிப்போவார். கடலைக் கண்டாலே தலைசுற்று என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த மாதம் அவருக்கு அகதி விசாரணை இருந்தது. கப்பலை நடத்தியவர் அவர் என்று தெரிந்தால், ஆட்கடத்தல்காரன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதைப் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பன்னிரண்டு வயதுக்காரியின் வாயை எங்கள் வீட்டில் யாரும் நம்பியதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்தில் பழைய அமெரிக்கக் கடல் கதை ஒன்றை வாசித்துச் சொல்லச் சொன்னார்கள். ஒரு கப்பலில் அடிமைகள் எழும்பிக் கப்பலைக் கைப்பற்றிவிடுகிறார்கள். உதவிக்கு வருகிற அமெரிக்கக் கப்டனின் முன்னால், பழைய கப்டனே இன்னும் அதிகாரி என்று நாடகம் ஆடுகிறார்கள். அவர்களின் தலைவன் அந்தக் கப்டனுக்குச் சவரம் செய்கிற பணிவான வேலைக்காரனாக நடிக்கிறான். சொல்லி முடித்துவிட்டுச் சும்மா வந்து இருந்திருக்கலாம். எங்கள் வீட்டுச் சோபாவிலும் இப்படி ஒரு தலைவர் நடித்துக்கொண்டு இருக்கிறார் என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

ரீச்சரின் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுசி. மாமா வகுப்புக்கு வந்து பேச வேண்டும், படத்தோடு பள்ளிச் செய்தித்தாளில் போட வேண்டும் என்று கடிதம் கொடுத்துவிட்டார்.

அம்மா கடிதத்தைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. “உனக்கு உது தேவையோடி? ஆர் உன்னட்டைக் கேட்டது?”

“விடக்கா. நான் போய்க் கதைக்கிறன்” என்றார் மாமா.

ரீச்சரின் மேசைக்கு முன்னால் மாமா தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். “சைல்ட் மேக் ஸ்ரோரி, மிஸ். ஐ ஒன்லி வொமிட். எவ்ரி டே வொமிட்” என்று வயிற்றைத் தடவிக் காட்டினார். ரீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறகு அவர் தண்ணீர்ச் சாடியை மாமா பக்கம் நகர்த்தினார். மாமா மூன்று கடதாசிக் கோப்பைகளில் ஊற்றினார். ஒவ்வொன்றாகக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பாருங்கோ மிஸ், பாருங்கோ என்று கத்த வாய் உன்னியது. மாமா என்னைப் பார்த்தார். தூக்கிய கோப்பையைச் சட்டென்று மேசையில் வைத்தார். கோபத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

பொய் சொல்லக் கூடாது என்று ரீச்சர் எனக்கு அன்பாகப் புத்தி சொன்னார்.

அடுத்த மாதம் விசாரணையிலும் வாந்தி எடுத்த அந்தச் சத்திக் கதைதான் மாமாவைக் காப்பாற்றியது. ஆனால் ரீச்சரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று பஸ்ஸில் நான் அவரோடு பேசவில்லை. ஜன்னலில் பனி வழிந்துகொண்டிருந்தது. மாமாதான் கேட்டார்.

“பிள்ளை, உந்தக் கதையில அடிமையளின்ர தலைவன் இருந்தானெல்லே, அவன் கடைசியில என்ன சொன்னவன்?”

“ஒண்டும் சொல்லேல்லை. பிடிபட்ட பிறகு வாயே திறக்கேல்லை. தூக்கில போட்டாங்கள்.”

“அவனைக் காட்டிக் குடுத்தது ஆர்?”

“பழைய கப்டன்.”

 மாமா என் தலையில் கை வைத்து, “பாவம், வாயை மூடிக்கொண்டிருக்க அவனுக்கு ஒரு மருமோள் இருக்கேல்லை” என்றார்.

மாமாவுக்குக் கதையே விளங்கவில்லை என்று நினைத்து, அவர் கையைத் தட்டிவிட்டேன்.