இன்னும் ஐந்து கார்கள்

2004 ஆகஸ்ட் 17, செவ்வாய்க்கிழமை, காலை 10.40. தூறல், குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் அளவுக்கு. மல்லேஸ்வரத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் இறங்கும் சரிவுப் பாதையிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது.

நான் அப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வயது அறுபத்தெட்டு. வீடுகள் 36, லிஃப்டுகள் 2. கார் நிறுத்த, தெருவுக்கு அடியில் இரண்டு தளங்கள். மேல்தளத்தில் 24 கார்கள், கீழ்த்தளத்தில் 31. எல்லாம் என் நோட்டில் இருந்தன. கீழ்த்தளத்தில் மின்பலகைக்குப் பக்கத்தில் யாரோ பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருந்ததும் இருந்தது. எடுக்கச் சொல்லி மூன்று முறை சுற்றறிக்கை விட்டிருந்தேன்.

அன்று எல்லோரையும் தெருவுக்கு வரச்செய்து, வீடு வீடாகப் பெயர் சொல்லி எண்ணினேன். வேலைக்குப் போனவர்கள் போக 71 பேர். வீட்டு வேலைக்கு வந்தவர்கள் 9 இருக்க வேண்டும். 8 பேர்தான் நின்றார்கள். கார் கழுவுகிறவரைக் காணவில்லை. கீழ்த்தளத்துக் கார்களையெல்லாம் அவர்தான் கழுவுவார், அவற்றின் சாவிகள் அவரிடம்தான் இருக்கும். வேலை முடிந்ததும் கீழ்த்தளத்தில் ஏதாவது ஒரு காரில் படுத்துத் தூங்குவார். எந்தக் கார் என்பது தினமும் மாறும்.

தீயணைப்பு வண்டி 10.58க்கு வந்தது. அதிகாரியிடம் ஓடினேன்.

"கீழே ஒரு ஆள் இருக்கார். கார்ல தூங்குவார். எந்தக் கார்னு தெரியாது."

"கண்டிப்பா கீழதான் இருக்காரா, ஸ்வாமி?"

"எண்ணிட்டேன். ஒரு ஆள் குறையுது."

அதிகாரி ஒரு வீரரைக் கூப்பிட்டார், முப்பது வயது இருக்கும். முகமூடி மாட்டி, முதுகில் காற்று சிலிண்டருடன், கையில் டார்ச்சோடு 11.02க்குச் சரிவில் இறங்கினார். அதிகாரி அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: முப்பத்தொரு காரையும் பார், கண்ணாடியைத் தட்டிப் பார்.

11.06க்குக் கார் கழுவுகிறவர் தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். தலையில் துண்டு, வாயில் பாதி பன்.

"இன்னா சார், இவ்ளோ கும்பலு? யார்னா மந்திரி வராங்களா?"

நான் அதிகாரிக்கு அவரைக் காட்டினேன். அதிகாரி ஒரு முறை அவரைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார், பிறகு வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோய்க் கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். இரைச்சல். சரிவுப் பாதையின் பாதி வரை இறங்கி நின்று கூப்பிட்டார். அதே இரைச்சல்.

இந்த இரைச்சலை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

போன வருடத் தீத்தடுப்புச் சோதனைக்கு வந்தபோது, இதே அதிகாரி என்னைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போய்த் தன் வாக்கி டாக்கி செட்டை என் காதருகே வைத்தார்.

"பாருங்க ஸ்வாமி, இங்க சிக்னல் எடுக்கல. மேல ஒரு ஏரியல், கீழ ஒரு ஏரியல், நடுவுல கேபிள். அவ்ளோதான். கரண்டு கூட வேணாம்."

"இது விதியில எங்க இருக்கு?"

"ரூல்ல இல்ல. ரூலு வர்றப்போ வரும். நான் கேக்கறது எங்க பசங்களுக்கு."

"எழுத்துல கொடுங்க, கூட்டத்துல வைக்கிறேன்."

அவர் சிரித்தார். "நீங்க எங்க ஆபீஸ்லயே வேலை செய்யலாம் ஸ்வாமி."

எழுதித் தரவில்லை. கூட்டக் குறிப்பில் நான் என் கையெழுத்தில் எழுதினேன்: விதியில் இல்லை, ஒத்திவைக்கப்பட்டது.

இப்போது தெருவில் நின்றபடி கணக்குப் போட்டேன். வேண்டாம் என்றாலும் மூளை போட்டது. புகையில் தடவித் தடவி ஒரு காருக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டிப் பார்க்க முக்கால் நிமிடம். முப்பத்தொரு கார்களுக்கு இருபத்துமூன்று நிமிடம். சிலிண்டரில் எவ்வளவு காற்று என்று கேட்டேன்.

"வேலை செஞ்சா இருபது நிமிஷம்," என்றார் அதிகாரி. "பாதியில திரும்பணும். ஆனா உள்ள ஆள் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேனே. அவன் திரும்ப மாட்டான்."

இரண்டாவது வீரர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் இறங்கியதும் அவருடைய செட்டும் ஊமையாயிற்று. கயிற்றின் இந்த முனையை இருவர் பிடித்திருந்தார்கள். கார் கழுவுகிறவர் பன்னைக் கீழே போட்டுவிட்டு மூன்றாவதாகப் பிடித்தார். யாரும் அவரை விலக்கவில்லை.

11.25. கயிறு இரண்டு முறை அசைந்தது. இழுத்தார்கள். இருவரும் வந்தார்கள், ஒருவர் மேல் ஒருவராக. முகமூடியைக் கழற்றியபோது அந்த வீரரின் உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. அதிகாரி குனிந்தார். வீரர் கன்னடத்தில் ஏதோ முனகினார். அதிகாரி நிமிரவே இல்லை. என்ன சொன்னார் என்று நான்தான் கேட்டேன்.

"இருபத்தாறு பாத்துட்டேன் சார், இன்னும் அஞ்சு கார் இருக்குங்கறான்."

கார் கழுவுகிறவர் தூறலில் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார். "நான் டீக்குப் போனேன் சார்," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. மறுபடியும் அதையே சொன்னார்.

வீரர் பிழைத்தார். பதினொரு நாள் மருத்துவமனை. நான் ஆறு நாள் போனேன். நான்காம் நாள்தான் அறைக்குள் போகும் துணிவு வந்தது. யார் என்று சொன்னேன். "அந்த ஆள் கிடைச்சாரா?" என்று கேட்டார். யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நானே சொல்ல வேண்டியதாயிற்று. "நல்லது சார்," என்றார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் கேபிள் பேச்சை எடுத்தேன். மூன்றாம் மாடிக்காரர் பழைய குறிப்பேட்டைப் புரட்டி, என் கையெழுத்தை என்னிடமே காட்டினார். "விதியில இல்லைன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?" ஆதரவாக 9 கைகள், எதிராக 17.

மறுநாள் என் சேமிப்பிலிருந்து பணம் எடுக்க வங்கிக்குப் போனேன். அக்டோபரில் கேபிள் வேலை முடிந்தது. அதிகாரி கீழ்த்தளத்தின் கடைசி மூலைக்கு, முப்பத்தொன்றாவது கார் நிற்கும் இடத்துக்குப் போய்க் கன்னடத்தில் எண்ணத் தொடங்கினார். தெருவில் நின்ற என் கையிலிருந்த செட்டில் ஒவ்வொரு எண்ணும் தெளிவாகக் கேட்டது. முப்பத்தொன்று வரை எண்ணச் சொன்னேன். எண்ணினார்.

ஏரியல் இரண்டு, கேபிள் எழுபது மீட்டர், துளைபோட்ட கூலி, ஆட்டோ உட்பட: ரூ. 18,740.