குறுக்கே துளைக்கும் அர்த்தனாரி

இடது உள்ளங்கை இயந்திரத்தின் மேல், வலது கையில் டீ டம்ளர். டீ ஆறிப்போனாலும் அர்த்தனாரி அந்த இடது கையை எடுக்க மாட்டார். அதிர்வு மெத்தென்று வந்தால் உள்ளே மண். கடகடவென்று உதறினால் பாறை. "கல்லு வந்து சம்பந்தி ஊட்டு சனமாட்டமுங்க. எத்தனை கும்புட்டாலும் அசையாது" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டுப் பக்கம், போன் கேபிள் போடுகிறார்கள். இது 2004. சாலையை வெட்டினால் பஸ் நின்றுவிடும். அதனால் சாலைக்கு அடியில் குறுக்காகத் துளைத்துக் குழாயை இழுத்துவிட ஏற்பாடு. அர்த்தனாரிக்குத் திருச்செங்கோடு. போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போய் நேர் கீழே துளைத்தவர். வறட்சி வந்ததும் துளைத்த இடமெல்லாம் புழுதிதான் பறந்தது. "காட்டுக்காரரு மூஞ்சியப் பாக்க முடியலீங்க. இதுன்னா அந்தப்பக்கம் எப்படியும் எட்டிப் பாத்துருமுங்க" என்று இந்த வேலைக்கு மாறிவிட்டார்.

வேலை மாறியதே தவிர மனசு மாறவில்லை. முதல் துளை பாறையில் முட்டி வீணாய்ப் போனது. இரண்டாவதன்போது, துளை இடியாமலிருக்க உள்ளே செலுத்தும் சேற்றுக் குழம்பு ஏதோ இடுக்கு வழியே ஏறி, எதிர்ப்பக்க மரவள்ளிக் காட்டில் பீறிட்டது. உடனே இயந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். இவரோ "தண்ணி வந்திருச்சுங்க!" என்று கத்திக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு ஓடி, கற்பூரம் ஏற்றிவிட்டார்! குழம்பு கொட்டித் தீர்ந்து துளை இடிந்தது. துளைமுனை போகும் வழியைக் கருவியோடு மேலே நடந்து பார்க்கும் கார்த்தி தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அந்த மரவள்ளிக் காட்டுக்குச் சொந்தக்காரி மாதம்மாள் மட்டும் கூட நின்று கும்பிட்டாளாம்.

மூன்றாவதும் போனால் இயந்திரத்தை மலையிறக்கிவிடுவோம் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். அப்புறம் மாதம்மாளின் ஊருக்கு போன் ஏது? அவள் மகள் திருப்பூரில் நிறைமாசம். ஒரு சேதி கேட்க வேண்டுமென்றால் போன் இருக்கும் செம்மேடு வரை போக வேண்டும். "புள்ள பொறந்த சேதி எனக்கு இங்கயே வரோணும் சாமி" என்று அவள் அர்த்தனாரியிடம் சொல்லி வைத்திருந்தாள்.

நான் வேடிக்கை பார்க்கப் போனது மூன்றாவது துளையன்று. நடுவில் பாறை உதறியது. பின்னுக்கு இழுத்தார், முனையைத் திருப்பினார், மறுபடி தள்ளினார். "கோவிச்சுக்காம கொஞ்சம் ஒதுங்கு கண்ணு" என்று பாறையிடம் கெஞ்சினார். பாறை எங்கே ஒதுங்கும்? முனைதான் ஒதுங்கிப் போனது. சாயங்காலம், குறித்த இடத்துக்கு நாலடி தள்ளி, இரண்டு மரவள்ளிச் செடிகளைச் சாய்த்துக்கொண்டு அது வெளியே தலை நீட்டியது. சம்பந்தமே இல்லாத எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் குழாயை இழுத்து முடித்தார்கள். கேபிள் வர இன்னும் நாளாகுமாம். அதுவரை அர்த்தனாரியால் பொறுக்க முடியுமா? எதிர்ப்பக்கக் குழாய் வாயருகே மாதம்மாளை உட்கார வைத்துவிட்டு, இந்தப் பக்கம் ஓடி வந்து குனிந்தார். "ஏனுங்கம்மா, கேக்குதுங்களா?" என்று குழாய்க்குள் கூவினார். சட்டென்று எழுந்து போய், இரைந்துகொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினார். திரும்பி வந்து மண்ணில் மண்டியிட்டு, ஒரு காதைக் குழாயில் வைத்து, மறு காதைச் சேற்றுக் கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.